மரத்தடியில் ஓடும் புகைவண்டி

ஏசுநாதர் பிறந்த ஊரில் புகைவண்டி இல்லை. அவர் பிறந்து பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்த பிறகுதான் அப்படி ஒரு பொருள் உலகில் தோன்றிற்று. ஆயினும் டிசம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டுக் குடும்பம் ஒன்றின் கூடத்துக்குள் எட்டிப் பாருங்கள். விளக்குகள் மின்னும் கிறிஸ்துமஸ் மரம். அதன் அடியில் வட்டமாய்த் தண்டவாளம். அதன்மேல் சாண் அளவு எஞ்சின் ஒன்று நாலைந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். எல்லா வீட்டிலும் இல்லை. பல வீடுகளில் உண்டு. "தேவகுமாரன் பிறப்புக்கும் நீராவி எஞ்சினுக்கும் என்ன உறவு?" என்று கேட்டால், அந்த வீட்டுப் பெரியவர், "எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

தாத்தா காலம்! அவ்வளவுதான் அதன் வயது. நூறாண்டுக்குச் சற்று மேலே இருக்கலாம். ஈராயிரம் ஆண்டுக் கணக்கிலேயே பேசிப் பழகிய நமக்கு இது நேற்று முளைத்த காளானாகத் தோன்றும். நமது சங்கக் கூட்டங்களில் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "இது எவ்வளவு பழையது?" என்பதே முதற் கேள்வி. பழையது என்றால் கைதட்டல். புதியது என்றால் ஒரு புன்முறுவல். ஆகவேதான், தோழர்களே, தோழியரே, இந்தக் குட்டிப் புகைவண்டியைப் பற்றி இவ்விதழில் எழுதத் துணிந்தேன். ஒரு மரபு எப்போது பிறந்தது, யாரால் பிறந்தது என்று கேட்பதைவிட, அது மனிதரைக் கூட்டி வைத்துக் கையால் ஏதேனும் செய்ய வைக்கிறதா என்று கேட்பதே முறை என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கு இந்த வண்டியைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் மரத்தின் கதையைப் பார்ப்போம். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானிய நாடுகளின் வழக்கம். விக்டோரியா அரசியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒன்று 1848-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. 1850-இல் பிலடெல்பியாவில் வெளிவந்த பெண்கள் இதழ் ஒன்று அதே படத்தை எடுத்து அச்சிட்டது. அச்சிடும்போது அரசியின் தலையிலிருந்த முடியையும், ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கிவிட்டது! அரண்மனைப் படம் ஒரே இரவில் அமெரிக்கக் குடும்பப் படமாகிவிட்டது. மரபு கடல் கடக்கும்போது தன் தலையிலுள்ள முடியை இறக்கி வைக்கக் கூசுவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மரம் வந்தது, மரத்தடி வெறுமையாக இருக்கலாமா? அதற்கும் முன்னோர் இருந்தனர். மொரேவியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பென்சில்வேனியாவில் ஓர் ஊரை அமைத்து, 1741-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் அதற்குப் பெத்லகேம் என்று பெயரிட்டனர். அவர்களிடம் 'புட்ஸ்' என்ற வழக்கம் உண்டு. அலங்கரித்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பாசியும் கல்லும் மரக்கட்டையும் கொண்டு குன்றும் குகையும் அமைத்து, நடுவில் குழந்தை ஏசுவை வைத்து, சுற்றிலும் மேய்ப்பரையும் ஆடுகளையும் நிறுத்துவார்கள். நாளடைவில் வீடுகளும் வேலிகளும் பாலங்களும் சேர்ந்து அது ஒரு முழுக் கிராமமாகிவிடும். கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கண்ணாடித் துண்டால் குளம் அமைத்து, கடுகு தூவிப் பயிர் வளர்த்த கைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிராமம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பாதை வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பாதை என்றால் இருப்புப்பாதைதான். 1869-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் யூட்டாவில் கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் கைகோத்தன. அடுத்த ஆண்டாகிய 1870-இல் கிறிஸ்துமஸ் நாட்டின் சட்டபூர்வமான விடுமுறைகளுள் ஒன்றாயிற்று. வேலை தேடிப் பெரு நகரங்களுக்குச் சென்ற பிள்ளைகளைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது ரயில். தூரத்து அத்தை அனுப்பிய பரிசுப் பொட்டலத்தைக் கொண்டுவந்ததும் ரயில். அவ்வூர்க் குழந்தைக்குக் கிறிஸ்துமஸ் என்பது ரயிலடியில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது. பண்டிகைக்கு ஊர் திரும்ப இரண்டு இரவு ரயிலில் கழிக்கும் நமக்கு இந்த உணர்ச்சி புரியும்.

இனிப் பொம்மை ரயில். தொடக்கத்தில் அது தகரத்தாலோ மரத்தாலோ செய்யப்பட்டது. தண்டவாளம் இல்லாமல், கயிறு கட்டித் தரையில் இழுத்துச் செல்லும் பொருள். ஜெர்மனியிலுள்ள கெப்பிங்கன் ஊரில் 1859-இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனம் பொம்மை வீட்டுக்கான தகரப் பாத்திரங்களைச் செய்து வந்தது. 1891-இல் லைப்சிக் சந்தையில் அந்நிறுவனம் எட்டு வடிவில் தண்டவாளம் அமைத்துச் சாவி கொடுக்கும் ரயில் ஒன்றை ஓடவிட்டது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தது. தண்டவாள அகலத்துக்கு அளவுகளை வரையறுத்தது. இவ்வாண்டு ஓர் எஞ்சினும் வட்டப் பாதையும் வாங்கினால் அடுத்த ஆண்டு ஒரு பெட்டி, அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ஆண்டுதோறும் வளரும் பொருள், ஆண்டுதோறும் வரும் பண்டிகையோடு சேர்ந்துகொண்டதில் வியப்பென்ன?

ஆனால் சாவி கொடுத்த வண்டி சில சுற்றுக்குப் பின் மூச்சுத் திணறி நின்றுவிடும். மரத்தடியில் தவழ்ந்து சென்று மீண்டும் சாவி கொடுக்க வேண்டும். அதை ஓயாமல் ஓட வைத்தது மின்சாரம். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் என்பவர் 1882-இல் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்துக்கு 80 மின்விளக்குகளைப் போட்டார். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறம். அதோடு விடவில்லை; மின்மோட்டார் வைத்து மரத்தையே சுழலவிட்டார்! பின்னால் வந்தவர்கள் மரத்தை நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றவிட்டார்கள். சார்பு இயக்கம் படித்த நமக்கு இரண்டுக்கும் அதிக வேற்றுமை தெரியாது; ஆனால் மரத்துக்கு வேற்றுமை உண்டு.

1900-இல் நியூயார்க்கில் ஜாஷுவா லயனல் கோவன் என்ற இளைஞர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து லயனல் நிறுவனத்தைத் தொடங்கினார். வயது அப்போது இருபத்து மூன்று. என் வயதும் உங்களில் பலர் வயதும் அதுதான். அவர் செய்த முதல் வண்டி குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதே அன்று. கடைக் கண்ணாடிக்குள் சரக்கை வைத்துச் சுற்றிவரச் செய்து, தெருவில் போவோரை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட ஒரு திறந்த மரப்பெட்டி அது. தெருவில் போனவர்கள் நின்றார்கள், உள்ளே வந்தார்கள், சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலைக்குக் கேட்டார்கள். விளம்பரம் சரக்காயிற்று. இன்னொன்றையும் மறவாதீர்கள். கோவன், அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பத்தின் மகன். கிறிஸ்துமஸ் தமது பண்டிகையல்லாத ஒரு வீட்டில் பிறந்தவர்தாம் கிறிஸ்துமஸ் மரத்தடிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர்களுள் தலையாயவர். குடியேறி வந்தவன் வந்த இடத்துப் பண்டிகைக்கு ஒரு பொருளைக் கொடுத்தான். அந்த நாடு அதைத் தன் பாட்டன் சொத்தென்று கொண்டாடுகிறது. வேற்று மொழி பேசும் இந்நகரில் வாழும் நாம் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

பௌதிகம் பயில்பவள் என்ற முறையில் அந்த வண்டியின் அடிவயிற்றையும் சற்றுத் திறந்து காட்ட விரும்புகிறேன். 1925-ஐ ஒட்டித்தான் அமெரிக்க வீடுகளில் ஏறக்குறையப் பாதிக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. சுவரில் வரும் மின்னழுத்தம் 110 வோல்ட்டுக்குக் குறையாது. அதைக் குழந்தை தொடும் தண்டவாளத்தில் விட முடியாது. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் அதை 20 வோல்ட்டுக்கும் கீழே இறக்கித் தரும். லயனல் பாதையில் தண்டவாளம் மூன்று. நடுத் தண்டவாளத்தில் மின்சாரம் வந்து, எஞ்சினின் மோட்டாரைச் சுழற்றி, சக்கரங்களின் வழியே ஓரத் தண்டவாளங்களில் திரும்பிச் செல்லும். பாதை வளைந்து வந்து தன்னையே சேர்ந்தாலும் குறுக்குச் சுற்று ஏற்படாது என்பது இந்த மூன்றாவது தண்டவாளத்தின் இலாபம்.

1935-இல் அந்த வண்டி விசில் ஊதவும் கற்றுக்கொண்டது. வண்டியோ மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடுகிறது. பொத்தானை அழுத்தினால் அதன்மேல் சிறிதளவு ஒருதிசை மின்னோட்டம் ஏற்றப்படும். வண்டிக்குள் இருக்கும் ரிலே அதை மட்டும் இனங்கண்டு விசிலின் காற்றாடியை முடுக்கும். ஒரே தண்டவாளத்தில் ஆற்றலும் ஆணையும் சேர்ந்து செல்கின்றன! நாம் ஆய்வுக்கூடத்தில் பட்டம் பெறுவதற்காகப் படிக்கும் பாடத்தை அங்கே பத்து வயதுப் பிள்ளை மரத்தடியில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தான்.

வட்டம் ஏன் என்று கேட்பவர்க்கும் விடை உண்டு. கடையில் வாங்கும் முதற் பெட்டியில் இருப்பவை வளைந்த துண்டுகளே. சேர்த்தால் வட்டம் வரும். லயனலின் வழக்கமான சிறு வட்டத்தின் விட்டம் 31 அங்குலம். அதன் நடுவில் நிற்க மரத்தின் அடித்தாங்கிக்கு இடம் உண்டு. வட்டத்துக்கு முடிவு நிலையம் கிடையாது. ஆகவே திருப்பி விட ஆளும் வேண்டியதில்லை. மரக்கிளை தாழ்ந்து நிழல் தரும். பரிசுப் பொட்டலங்கள் மலைகளாகும். அவற்றுக்குப் பின்னே வண்டி மறைந்து மறுபுறம் வெளிப்படும்போது குழந்தை கைகொட்டும். வசதியாக அமைந்தது வழக்கமாயிற்று, வழக்கம் மரபாயிற்று. இப்படிப் பிறந்த மரபுகள் உலகில் ஏராளம்.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருவோம். "இது வியாபாரி விதைத்த வழக்கம், இதற்கு மரபு என்ற பெயர் எதற்கு?" என்பது முதல் வாதம். வியாபாரி விதைத்தான் என்பது முழு உண்மை. லயனலின் விலைப்பட்டியல்கள் கிறிஸ்துமஸ் காலத்தை நோக்கியே அச்சிடப்பட்டன. "தந்தையும் மகனும் நண்பராக வேண்டுமா? வண்டி வாங்குங்கள்" என்ற தோரணையில் விளம்பரங்கள் வந்தன. 1934-இல் பொருளாதார மந்தத்தில் சிக்கி நிறுவனமே நீதிமன்ற நிர்வாகத்தின்கீழ் போயிற்று. அவ்வாண்டு மிக்கி மௌஸும் மின்னி மௌஸும் தள்ளும் ஒரு சிறு தள்ளுவண்டியை 1 டாலருக்கு விற்று, ஏறக்குறைய 2,50,000 வண்டிகளைத் தள்ளிவிட்டார்கள். பஞ்ச காலத்தில் எழைத் தந்தையின் சட்டைப்பையையும் அறிந்த வியாபாரம் அது.

ஆனால் வியாபாரி விற்றது எது வரை? எஞ்சின், பெட்டி, தண்டவாளம், அவ்வளவே. அதைச் சுற்றி ஊரை எழுப்பியவர்கள் வீட்டார். பழைய அட்டைப் பெட்டிகள் வீடுகளாயின, முகம் பார்க்கும் கண்ணாடி உறைந்த ஏரியாயிற்று, பஞ்சு, பனியாயிற்று. பண்டிகை முடிந்ததும் அத்தனையும் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கப்பட்டுப் பரணுக்குப் போகும். அடுத்த டிசம்பரில் பரணிலிருந்து இறங்கும். உடைந்த வேலியைத் தாத்தா ஒட்டுவார். துருப்பிடித்த தண்டவாளத்தைப் பேரன் தேய்ப்பான். வியாபாரி வண்டியை விற்கலாம். பரணிலிருந்து இறக்கும் கையை அவன் விற்க முடியாது. விற்ற பொருள் எந்த நாளில் பரணேறி இறங்கத் தொடங்குகிறதோ அந்த நாளில் அது மரபாகிவிடுகிறது.

இதற்குச் சோதனையும் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அமெரிக்காவில் உலோகப் பொம்மைகள் செய்வது நின்றது. லயனல் தொழிற்சாலை கடற்படைக்குத் திசைகாட்டிகள் செய்தது. 1943-இல் விற்பனைக்கு வந்த வண்டி முழுதும் அட்டையால் ஆனது. தாமே வெட்டி மடித்துச் சேர்க்க வேண்டும். சேர்ப்பது பெரும்பாடு, சேர்த்தாலும் தானே ஓடாது. கடையில் புதிய வண்டி இல்லாத அந்த ஆண்டுகளிலும் மரத்தடி வழக்கம் செத்துவிடவில்லை. போர் முடிந்ததும், வாயிலிருந்து புகைவிடும் எஞ்சின் 1946-இல் வந்தபோது, அதை வரவேற்கக் குடும்பங்கள் காத்திருந்தன.

"தெய்வப் பிறப்பைக் கொண்டாடும் இடத்தில் எந்திரத்துக்கு என்ன வேலை?" என்பது இரண்டாம் வாதம். இதற்கு விடையாக ஒரு பக்தரின் பெயரைச் சொல்கிறேன்: மைக்கேல் பாரடே. மின்தூண்டலை அவர் கண்டது 1831-இல். அது இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர் இல்லை. மரத்தடி வண்டியும் இல்லை. அவர் தம் சிறிய சபையில் ஆழ்ந்த பற்றுக்கொண்ட கிறிஸ்தவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் இளைஞர்களுக்கும் சிறுவர்களுக்கும் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் விளக்கிக் காட்டியவர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் குழந்தைகளுக்கு எந்திரத்தையும் இயற்கையையும் காட்டுவது பக்திக்கு இழுக்கு என்று அந்தப் பக்தருக்குத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

எதிர்க்கட்சியார் சொல்ல மறந்த ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் உண்மையான குறை அதுதான். அந்த வண்டி பெண் குழந்தைக்காக ஓடவில்லை. விளம்பரப் படங்களில் தந்தை கையில் கட்டுப்பாட்டுப் பிடி. மகன் கையில் எஞ்சின். தங்கை தள்ளி நின்று பார்ப்பாள். 1957-இல் லயனலுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பெண் குழந்தைகளுக்கென்று ஒரு வண்டி வெளியிட்டது. எப்படி? எஞ்சினுக்கு ரோஜா நிறம்; பெட்டிகளுக்கு மிட்டாய் நிறங்கள்! வண்டி விலைபோகவில்லை. ரயில் கேட்ட பெண்ணுக்கு வேண்டியிருந்தது ரயில். கரியும் புகையும் படிந்தது போன்ற கறுப்பு ரயில். இன்று அந்த ரோஜா வண்டி, சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் அரும்பொருளாக இருக்கிறது. அன்று அது ஓர் அறியாமையின் சின்னம்.

இதை அமெரிக்காவின் குறை என்று தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. என் தந்தையார் ரயில்வேயில் பணிபுரிந்து தமிழகத்தை விட்டு வடக்கே வந்தவர். எங்கள் வீட்டில் எல்லோர் பேச்சிலும் எஞ்சின் ஓடும். திருவிழாக் கடையில் தம்பிக்குச் சாவி கொடுக்கும் ரயிலும் எனக்குச் செப்புச் சாமானும் வாங்கினார்கள். செப்பில் சோறாக்கி முடித்த பிறகு நான் ரயிலின் மூடியைத் திருகித் திறந்தேன் என்பது வேறு கதை. திறக்கும் வாய்ப்புக் கிடைக்காத பெண்கள் எத்தனை பேர் என்பதே என் கேள்வி. ஒரு மரபைப் புதுப்பிக்கிறவர்கள் பழைய தவறையும் கூடவே பொட்டலம் கட்டிப் பரணில் ஏற்றிவிடக் கூடாது.

ஏனெனில் அந்த மூடியைத் திறப்பதில் பெரிய விளைவுகள் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946–47 கல்வியாண்டில் மாணவர்கள் மாதிரி ரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே வண்டியின் அழகைக் கவனித்தவர்கள் ஒரு சாரார்; மேசைக்கு அடியில் படுத்து, பழைய தொலைபேசி நிலையத்து ரிலேக்களைக் கோத்து, எந்த வண்டி எந்தப் பாதையில் செல்ல வேண்டும் என்று ஆணையிடும் சுற்றுகளை அமைத்தவர்கள் மற்றொரு சாரார். இந்த இரண்டாம் சாரார்தாம் பின்னர் கணிப்பொறியின் முன் உட்கார்ந்தார்கள். 'ஹேக்' என்ற சொல் அவர்கள் பேச்சில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. 1962-இல் வெளிவந்த 'ஸ்பேஸ்வார்' என்ற புகழ்பெற்ற கணிப்பொறி விளையாட்டிலும் அச்சங்கத்தாரின் கை உண்டு. மரத்தடியில் தொடங்கியது எங்கே போய் முடியும் என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொரு சான்று. பென்சில்வேனியாவில் புரூக்வில் என்ற ஊரில் சார்லஸ் பௌடிஷ் என்பவர் 1920-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், தம் வீட்டில் நடந்த சகோதரர் திருமணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம் செய்த சிறிய ரயிலையும் ஊரையும் காட்டினார். பார்த்தவர்கள் மற்றவர்களை அழைத்துவந்தார்கள். ஆண்டுதோறும் ஊர் வளர்ந்தது. 1954-இல் அது பிட்ஸ்பர்க் நகரக் கோளரங்கத்துக்கும், 1992-இல் அந்நகரின் கார்னகி விஞ்ஞான மையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டுக் கூடத்தில் ஓடிய பொம்மை, ஒரு நகரத்தின் பொதுச் சொத்தாயிற்று.

இத்தனைக்கும், அந்த வண்டி எதைப் போல் செய்யப்பட்டதோ அந்த உண்மை ரயில் இதற்கிடையில் அந்நாட்டில் இளைத்துவிட்டது. 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. மக்கள் காரிலும் விமானத்திலும் ஏறினார்கள். 1959-இல் கோவன் தம் பங்குகளை விற்றுவிட்டு விலகினார். தனியார் நிறுவனங்கள் நடத்த முடியாது கைவிட்ட பயணி ரயில்களை ஏற்றுக்கொள்ள 1971-இல் ஆம்டிராக் என்ற பொது நிறுவனம் ஓடத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு யாரையும் அழைத்து வராத ரயில், மரத்தடியில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நியூயார்க் தாவரவியல் தோட்டத்தில் 1992 முதல் பண்டிகைக் காலத்தில் ரயில் காட்சி நடக்கிறது. அந்நகரின் கட்டடங்களைப் பட்டையும் இலையும் விதையும் கொண்டு செய்து, அவற்றினூடே வண்டிகளை ஓட்டுகிறார்கள். 2004-இல் கிறிஸ்துமஸ் ரயில் ஒன்றைப் பற்றிய 'போலார் எக்ஸ்பிரஸ்' படம் வந்ததும் லயனல் நிறுவனமே அப்பெயரில் வண்டி வெளியிட்டது.

மரபுக்கு இங்கேதான் ஆபத்தும் காத்திருக்கிறது. ஒரு பக்கம், பெட்டியைத் திறந்தால் விலை குறையும் என்று அஞ்சி வண்டியை ஓட்டாமலே பூட்டிவைக்கும் சேகரிப்போர். மறுபக்கம், பாட்டரி போட்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டுக் குப்பையில் எறியும் பிளாஸ்டிக் வண்டி. ஒருவர் மரபைக் காப்பாற்றுகிறேன் என்று கொல்கிறார். மற்றவர் மரபு என்று அறியாமலே கொல்கிறார். ஓட்டவும் வேண்டும், பழுது பார்க்கவும் வேண்டும், அடுத்தவர் கையில் கொடுக்கவும் வேண்டும். இந்த மூன்றும் நடக்கும் வீட்டில்தான் அது உயிரோடு இருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். பொங்கலுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. விடுதியில் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை. சென்ற ஆண்டு மின்தூண்டல் அடுப்பில் பொங்கல் வைத்தோம். மண்பானையும் பித்தளைப் பானையும் அந்த அடுப்பில் சூடேறா. காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள எவர்சில்வர் பாத்திரந்தான் வேண்டும். அதில் மஞ்சள் கொத்துக் கட்டினோம், பால் பொங்கியது, குரவையிட்டோம். மறுநாளே, "அடுப்பும் இல்லை, பானையும் இல்லை, இது என்ன பொங்கல்?" என்று ஒரு விவாதம் எழுந்தது. இவ்வாண்டு வைக்காமலே விட்டுவிடலாம், கலைநிகழ்ச்சி மட்டும் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

அவர்களுக்கு நான் சொல்லுவது இது: அந்த அடுப்பில் இருப்பதும் பாரடேயின் 1831-தான். மரத்தடி வண்டியின் டிரான்ஸ்பார்மரில் இரண்டாவது சுருள் செய்யும் வேலையை இங்கே நம் பாத்திரத்தின் அடிப்பாகமே செய்கிறது. தன்னுள் தூண்டப்பட்ட மின்னோட்டத்தால் தானே கொதிக்கிறது. ரயிலை ஏற்றுக்கொண்டதால் கிறிஸ்துமஸ் சிறுத்துப் போகவில்லை; அடுப்பை ஏற்றுக்கொண்டால் பொங்கலும் சிறுத்துப் போகாது. மண்ணும் விறகும் வைக்கோலும் உள்ள இடத்தில் பானை வைப்போம். அவை இல்லாத நாலாவது மாடியில் பால் பொங்குவதையே விட்டுவிடுவது எந்த மரபுக்குச் செய்யும் மரியாதை? பொங்கலில் நம் கை வேலை செய்யாமல், மேடையில் யாரோ ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பொட்டலச் சோறு வாங்கிக்கொண்டு போனால், அன்றைக்குத்தான் அது வெறும் கடைக் கண்ணாடிக் காட்சியாகிவிடும்.

ஆதலால் சங்கத்தின் முன் ஓர் ஆலோசனையை வைக்கிறேன். இவ்வாண்டும் பொங்கல் வைப்போம். அதைச் சுற்றி நம் கையால் ஓர் ஊர் செய்வோம். அட்டையில் வீடு செய்யத் தெரிந்தவர் வீடு செய்யட்டும். சுற்றுகள் கோக்கத் தெரிந்தவர் விளக்கிடட்டும். மாடு செய்பவர் மாடு செய்யட்டும். ரயில் ஓட்ட விரும்புகிறவர் ரயிலும் ஓட்டட்டும், நாம் ரயிலேறி வந்தவர்கள்தாமே! செய்பவர் ஆணா பெண்ணா, தமிழரா, பக்கத்து அறை வங்காளியா பஞ்சாபியா என்று கேட்க வேண்டாம். முடிந்ததும் எல்லாவற்றையும் காகிதம் சுற்றி ஒரு பெட்டியில் அடுக்கிச் சங்க அறையின் அலமாரிக்கு மேலே ஏற்றி வைப்போம். நாம் பட்டம் பெற்றுப் போய்விடுவோம். அடுத்த ஆண்டு வரும் புதியவர்கள் பெட்டியை இறக்குவார்கள், உடைந்ததை ஒட்டுவார்கள், தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பார்கள். "இது எவ்வளவு பழையது?" என்று யாராவது கேட்டால், "எங்களுக்கு முந்திய ஆண்டுக்காரர்கள் தொடங்கியது" என்று அவர்கள் தயங்காமல் சொல்லட்டும்.